126 படிகளும் ஒரு லிஃப்ட்டும்: பயத்துக்கு எந்த வழி?

எங்கள் ஆபீஸ் ஆறாவது மாடியில். தரையிலிருந்து 126 படிகள். பதினோரு மாதம் ஏறி இறங்கியவள் சொல்கிறேன், கணக்குத் தப்பாது.

அதற்கு முன்னால் நானும் எல்லோரையும் போல லிஃப்ட்டில் போனவள்தான். ஒரு மே மாதத்து மத்தியானம், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. கரண்ட் கட். கரண்ட் போனால் பேட்டரியில் பக்கத்து மாடிவரை நகர்ந்து கதவைத் திறந்துவிடுகிற சாதனம் ஒன்று உண்டு, ஏ.ஆர்.டி. என்பார்கள். எங்கள் லிஃப்ட்டில் அதன் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இருபது நிமிடம் இருட்டு. உள்ளே என்னோடு ஒரு கூரியர் பையன். அவன் போன் வெளிச்சத்தில் பார்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கதவு இடுக்கில் மூக்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து அஞ்சாவது மாடியில் கதவு திறந்ததும், "மேடம், தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டிவிட்டு, அவன் அதே லிஃப்ட்டில் ஆறாவது மாடிக்குப் போனான். நான் படியில் இறங்கினேன்.

அன்றிலிருந்து படிதான். கேட்டவர்களிடம் சுகருக்கு நல்லது என்றேன். நாலு பேர் பாராட்டினார்கள். ஒரு ஜூனியர் பெண், "அக்கா, நானும் நாளையிலிருந்து உங்ககூட ஏறறேன்" என்றாள். எனக்குச் சுகர் கிடையாது.

படியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. வீடு சென்னை அசோக் நகர். மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் மாறினால் தேனாம்பேட்டை. கிண்டி, சின்னமலை வரை தூண்மேல் ஓடுகிற வண்டி, சின்னமலை தாண்டியதும் சரிந்து பூமிக்குள் இறங்கிவிடும். சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை எல்லாம் சுரங்க நிலையங்கள். லிஃப்ட் நின்ற மூன்றாவது வாரம், அந்தச் சரிவில் ஜன்னல் கறுத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் பஸ். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடைக்குப் போவது நின்றது. எட்டாவது மாடியில் வீடு வாங்கிய அண்ணன் கிரகப்பிரவேசத்துக்கு முதுகுவலி என்று சொல்லிப் போகவில்லை.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அத்தை ஒரு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். ஆபீஸில் எச்.ஆர். ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் லிங்க் அனுப்பினார். பழைய கல்லூரித் தோழி, "சின்ன வயசுல ஏதோ நடந்திருக்கு, அதைத் தோண்டி எடுத்தாதான் சரியாகும்" என்றாள். குடும்ப டாக்டர் மாத்திரைச் சீட்டில் கைவைத்தார். தம்பி, யோகா ஆப். நான் ஒரு பழைய டைரியில் இதையெல்லாம் எழுதி, பக்கத்தில் செலவு, நேரம் என்று கோடு போட ஆரம்பித்தேன். கோடு போட்டு முடிப்பதற்குள் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் மனசைப் பற்றிய ஒரு கோட்பாடு இருக்கிறது. எல்லாம் ஒரே பயத்தைத்தான் பார்க்கின்றன, கேட்கிற கேள்விதான் வேறு. இது எங்கிருந்து வந்தது, நீ எப்படிப்பட்ட ஆள், என்ன நினைக்கிறாய், என்ன செய்கிறாய். என் விஷயத்தில் கடைசிக் கேள்விதான் உருப்படியானது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு மாதமும் கொஞ்சம் பணமும் செலவாயின.

வேரைத் தோண்டுவது

முதலில் போனது தோழி சொன்ன வழியில். நாலு அமர்வு. கவுன்சலர் பொறுமைசாலி. மூன்றாவது அமர்வில், கும்பகோணத்துப் பாட்டி வீட்டில் கண்ணாமூச்சி விளையாடும்போது நெல் குதிருக்குள் ஒளிந்து வெளியே வர முடியாமல் கத்தியது நினைவுக்கு வந்தது. அழுதேன். நெஞ்சு லேசாக இருந்தது. மறுநாள் காலை அதே 126 படி.

இந்த வழியின் மூதாதையர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட். அவர் 1909-ல் வெளியிட்ட 'குட்டி ஹான்ஸ்' விவரம்தான் எனக்கு இந்த ஒப்பீட்டையே திறந்து காட்டியது. வியன்னாவில் அஞ்சு வயதுப் பையனுக்குக் குதிரை என்றால் நடுக்கம். தெருவில் இறங்க மாட்டான். ஃபிராய்ட் அவனை நேரில் ஆராய்ந்தது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் பையனின் அப்பா எழுதிய குறிப்புகளின் வழியாக. அவர் சொன்ன விளக்கம்: குதிரை உண்மையில் குதிரை அல்ல, அப்பா. அம்மாவின் அன்புக்குப் போட்டியாக இருக்கும் அப்பாமேல் உள்ள பயம் குதிரைமேல் இடம் மாறியிருக்கிறது. 1960-ல் ஜோசஃப் வோல்ப்பேயும் ஸ்டான்லி ராக்மனும் அதே குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படித்துவிட்டு, பையன் தெருவில் வண்டிக்குதிரை ஒன்று தடாலென்று விழுந்து உதைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறானே, பயத்துக்கு அது போதாதா என்று கேட்டார்கள். ஒரே பையன், ஒரே குறிப்பு, இரண்டு கதை. எது சரி என்று இன்று யாரும் போய்ச் சோதிக்க முடியாது. ஆனால் இரண்டாவது கதையிலிருந்து 'நாளைக் காலை என்ன செய்வது' என்பதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. முதல் கதையிலிருந்து கிடைப்பது இன்னொரு அமர்வு.

சரி, கொஞ்சம் அநியாயமாகப் பேசுகிறேன். இந்த மரபு கொடுத்த ஒன்று எனக்கு நன்றாகவே உதவியது. ஃபிராய்டின் மகள் அன்னா 1936-ல் மனசின் தற்காப்பு உத்திகளை வரிசைப்படுத்தி எழுதினார். அந்தக் குடும்பத்து உத்திகளில் ஒன்று, செய்கிற காரியத்துக்கு நாகரிகமான காரணம் கண்டுபிடித்துக்கொள்வது. சுகருக்கு நல்லது! அதைப் படித்த அன்று தனியாகச் சிரித்தேன். வீட்டிலும் வேலையிலும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் சிக்கலில் மாட்டுகிறவர்கள், காரணமே பிடிபடாத துக்கம் உள்ளவர்கள் இப்படி நீளமாகப் பேசுகிற வழிக்குப் போவதில் அர்த்தம் உண்டு. என் பயத்துக்கு முகவரி இருந்தது: ஆறுக்கு எட்டு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. முகவரி தெரிந்த பயத்துக்குத் தோண்டுவது சுற்றுவழி.

குட்டி ஹான்ஸ் வளர்ந்து 1922-ல் ஃபிராய்டைப் பார்க்க வந்தபோது, தன்னைப் பற்றி எழுதியதைப் படித்தும் ஏறக்குறைய எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை என்றானாம். ஃபிராய்டே அதை எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நீ எப்படிப்பட்ட ஆள்

எச்.ஆர். அனுப்பிய டெஸ்ட் பதினாறு வகைகளில் ஒன்றாக ஆளைப் பிரிக்கிற ரகம். சுவிஸ் மனமருத்துவர் யுங் எழுதியதை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது இந்தப் பாணி. எனக்கு நாலு எழுத்து வந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போட்டேன், ஒரு எழுத்து மாறியிருந்தது. இது என் ஒருத்தியின் கதையல்ல, இந்த வகைச் சோதனைமேல் ஆராய்ச்சியாளர்கள் வைக்கிற முதல் குற்றச்சாட்டே அதுதான். லிஃப்ட் விஷயத்தில் அது சொன்னது: பூஜ்யம்.

ஆளுமையை அளப்பவர்கள் இன்று பெரும்பாலும் நம்புவது ஐந்து பண்புக் கணக்கை. அது வந்த வழி சுவாரஸ்யம். 1936-ல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பெர்ட்டும் ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து, மனிதர்களை வர்ணிக்கிற சொற்களைப் பொறுக்கினார்கள். ஏறத்தாழ 18,000 தேறின. சிடுமூஞ்சி, கஞ்சன், சாது, வாயாடி என்று நம்மிடமும் ஒரு மூட்டை இருக்கும். பின்னால் வந்தவர்கள் எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் போட்டு ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: புதுமை நாட்டம், பொறுப்பு, வெளிப்படப் பழகுதல், இணக்கம், சட்டென்று கலங்கும் தன்மை. வகை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் உயரம் மாதிரி ஒரு அளவு.

ஐந்தாவதில்தான் எனக்கும் கூரியர் பையனுக்கும் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் என் மதிப்பெண் பரீட்சையாக இருந்தால் ரேங்க் வாங்கியிருப்பேன். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 40 சதவீதத்தை ஒட்டி பரம்பரையைச் சேரும். என் அம்மாவும் பிரஷர் குக்கரைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்.

ஆனால் தெரிந்து என்ன செய்ய? ஆளுமைக் கோட்பாடு, யார் வழுக்கி விழ வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். விழுந்தவளை எப்படித் தூக்குவது என்பது அதன் வேலை அல்ல. எனக்கு அது தந்த ஒரே லாபம் எதிர்பார்ப்பைச் சரிசெய்தது: நான் லிஃப்ட்டில் விசில் அடித்துக்கொண்டு போகிற ஆளாக மாறப்போவதில்லை, படபடப்போடு போகிற ஆளானால் போதும். அதற்குக் காசு தேவையில்லை. அரை மணி நேரம் போதும். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு வண்ண வண்ணமாக ரிப்போர்ட் தருகிறார்கள் என்றால், பயத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் அந்தப் பணத்தை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கற்றதைக் கற்றுத்தான் மாற்ற வேண்டும்

தங்கையின் பி.எட். புத்தகத்தில் 'ஆக்கநிலையிறுத்தல்' என்று பல்லை உடைக்கிற ஒரு சொல் வரும், ஆங்கிலத்தில் கண்டிஷனிங். பாவ்லவின் நாய் என்றால் எல்லோருக்கும் தெரியும்: சாப்பாட்டோடு சேர்த்து ஒரு ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, வெறும் ஓசைக்கே எச்சில் ஊறும். பாவ்லவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்கல்ல, ஜீரண ஆராய்ச்சிக்கு. இது அந்த ஆராய்ச்சியின் ஓரத்தில் மாட்டியது.

எச்சில் ஊறுவது போலவே பயமும் ஊறும் என்று காட்ட 1920-ல் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு காரியம் செய்தார்கள். இன்று செய்தால் உள்ளே போடுவார்கள். ஆல்பர்ட் என்று பெயர் வைத்த, பதினோரு மாதக் குழந்தை. வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டினார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே அழுகை. அதோடு முயல், நாய், ரோமக் கோட்டு எல்லாவற்றுக்கும் பரவியது. எனக்கு லிஃப்ட்டிலிருந்து சைதாப்பேட்டைச் சுரங்கத்துக்குப் பரவிய மாதிரி. அந்தக் குழந்தையின் பயத்தை அழித்துவிட்டு அனுப்பவும் இல்லை.

அழிக்க முடியும் என்று காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ், 1924-ல். பீட்டருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை, முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருக்கும் முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. கடைசியில் ஒரு கையில் தின்பண்டம், மறு கையில் முயல். குழந்தைக்குச் சோறூட்டும்போது நிலாவைக் காட்டும் ஊரில் பிறந்த நமக்கு இது பெரிய வித்தையாகத் தெரியாது. ஆனால் இன்று உலகெங்கும் பயத்துக்குச் செய்கிற சிகிச்சையின் விதை அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது. ஏன் போகாமல் உட்கார்ந்திருக்கிறது? 1947-ல் அமெரிக்க உளவியலாளர் மௌரர் சொன்ன விடைதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. லிஃப்ட் பக்கம் போகிறேன், நெஞ்சு அடிக்கிறது. படிக்குத் திரும்புகிறேன், அடிப்பு நிற்கிறது. அந்த 'அப்பாடா' இருக்கிறதே, அதுதான் பரிசு. பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு பழக்கம் இறுகுவதை எதிர்மறை வலுவூட்டல் என்கிறார்கள். பலர் நினைப்பதுபோல் அது தண்டனை அல்ல. தினமும் காலையில் எனக்கு நானே ஒரு பரிசு கொடுத்து, பயத்தை ஊட்டி வளர்த்திருக்கிறேன். லிஃப்ட்டில் போயிருந்தால் ஒன்றும் ஆகாது என்று மூளை கற்றிருக்கும். அதை வகுப்புக்கே வர விடவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போனேன். ஒரு அமர்வு 1,500 ரூபாய், மொத்தம் ஏழு அமர்வு. முதல் நாளே ஒரு காகிதத்தில் ஏணி வரையச் சொன்னார். பூஜ்யத்திலிருந்து நூறுவரை பயத்துக்கு மார்க். இந்த மார்க் போடும் பழக்கம் வோல்ப்பேயுடையது. திறந்திருக்கும் லிஃப்ட்டுக்கு வெளியே நிற்பது 20. உள்ளே நின்று, வேறொருவர் கதவைப் பிடித்துக்கொள்வது 40. ஆள் துணையோடு முதல் மாடி 55. சின்னமலையிலிருந்து சைதாப்பேட்டை, ஒரே ஒரு ஸ்டேஷன், 70. தனியாக ஆறாவது மாடி 85. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகர் ஜவுளிக்கடை லிஃப்ட், பத்துப் பேரோடு, 95.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன்தான் கதவைப் பிடித்துக்கொண்டவர். விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார், ஏதோ சாமி காரியம் மாதிரி. முதல் மூன்று நாள் உள்ளே நிற்பதோடு சரி. நாலாவது நாள் கதவு நகர ஆரம்பித்தது.

"அண்ணே, மூடாதீங்க!"

"நான் எங்கம்மா மூடறேன், அதுவா மூடுது. நீங்க நில்லுங்க."

நின்றேன். முதல் மாடி வந்தது. இறங்கவில்லை, விதி அதுதான், பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடக் கூடாது, ஓடினால் மறுபடியும் 'அப்பாடா' பரிசு. மேலும் கீழுமாக ஏழு தடவை போய் வந்தோம். மூன்றாவது தடவை 80 இருந்த மார்க், ஏழாவதில் 35. நடுவில் ஏறிய வங்கிக்காரர் ஒருவர் நாங்கள் ஏன் இறங்காமலே இருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே போனார்.

அப்புறம் பொங்கல் வந்து, ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், பழைய படபடப்பு அப்படியே நின்று வரவேற்றது. முன்னாலேயே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பாவ்லவின் நாய்களிடமே பார்த்தது இது: சாப்பாடு இல்லாமல் ஓசையை மட்டும் கேட்கவைத்தால் எச்சில் நிற்கும், சிறிது இடைவெளி விட்டால் தானே திரும்பும். பழைய பாடம் அழிவதில்லை, அதன்மேல் புதுப் பாடம் எழுதப்படுகிறது. அதனால்தான் ஒரே லிஃப்ட்டில் பழகினால் போதாது, வேறு வேறு லிஃப்ட், வேறு வேறு நேரம் என்று சுற்றச் சொல்கிறார்கள். நான் சென்னையின் லிஃப்ட்களுக்கு ஒரு கையேடு எழுதும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1989-ல், இப்படி ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிய பயத்தை ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில், இதே முறையால் குணப்படுத்தலாம் என்று எழுதினார். தைரியமும் பழக்கமுள்ள சிகிச்சையாளரும் வேண்டும். எனக்கு முதலாவது இல்லை.

என்ன நினைக்கிறாய்

எண்ணத்தைச் சோதித்து மாற்றுகிற இந்த வழியை, முன்னே சொன்னதிலிருந்து தனி வழி என்று பிரிப்பதே சிரமம். ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்; 1960-களில் தன் நோயாளிகள் பேசும் பேச்சுக்கு அடியில் சரசரவென்று வேறு எண்ணங்கள் ஓடுவதைக் கவனித்து வழியை மாற்றிக்கொண்டார். ஆல்பர்ட் எல்லிஸ் இன்னும் வேடிக்கை. பெண்களிடம் பேசக் கூச்சப்பட்டவர், 19 வயதில் நியூயார்க்கின் ஒரு தாவரப் பூங்காவில் ஒரு மாதம் உட்கார்ந்து, பெஞ்சில் உட்கார்ந்த நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினாராம். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. ஆனால் யாரும் செருப்பைக் கழற்றவில்லை, உலகம் இடிந்துவிடவில்லை, கூச்சம் போய்விட்டது. நம் செம்மொழிப் பூங்காவில் இதைச் செய்து பார்க்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் கதையைக் கவனியுங்கள்: எண்ணத்தை மாற்றியவர் என்று பெயர் வாங்கியவரும் முதலில் செய்தது, போய் நின்றது.

என் எண்ணம் ஒரே வரிதான்: கதவு மூடினால் காற்று தீர்ந்து செத்துவிடுவேன். சைக்காலஜிஸ்ட் அதை எழுதச் சொன்னார், எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேட்டார். 90 என்றேன். சர்வீஸுக்கு வந்த டெக்னீஷியனிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அவர், "லிஃப்ட் என்ன பிளாஸ்க்கா மேடம்? மேலயும் கீழயும் காத்துக்கு ஓட்டை விட்டிருக்கு பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். 90 என்பது 30 ஆனது. படித்தால் மட்டும் முழுசாகப் போகாது. மிச்சம் உள்ளே நின்றபோதுதான் போயிற்று.

1986-ல் டேவிட் கிளார்க் சொன்னது இங்கே பொருந்தும். நெஞ்சு படபடக்கிறது; 'ஐயோ, ஏதோ ஆகப்போகிறது' என்று அதற்கு அர்த்தம் பண்ணுகிறோம்; அந்த அர்த்தத்தால் இன்னும் படபடக்கிறது. படி ஏறும்போதும் என் நெஞ்சு இதே அளவுக்கு அடித்தது. அங்கே அதற்குப் பெயர் எக்ஸர்சைஸ்.

கைப்பையில் தண்ணீர் பாட்டில், டார்ச், புதினா மிட்டாய் வைத்துக்கொண்டுதான் ஏறுவேன். இவற்றை ஒவ்வொன்றாக விடச் சொன்னபோது கோபமே வந்தது. காரணம் நியாயமானது: பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெருமை டார்ச்சுக்குப் போகும். தினமும் வாட்ச்மேனிடம் "பேட்டரி மாத்தியாச்சா?" என்று கேட்பதும் டார்ச் ரகம்தான். ஆனால் அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதி பேட்டரியை மாற்றவைத்தது வேறு ரகம். லாசரஸும் ஃபோக்மனும் 1984-ல் பிரித்த பிரிவு இது: சிக்கலையே சரிசெய்கிற சமாளிப்பு ஒன்று, சிக்கலால் வரும் கலக்கத்தைச் சரிசெய்கிற சமாளிப்பு இன்னொன்று. மாற்றக்கூடியதற்கு முதலாவது, மாற்ற முடியாததற்கு இரண்டாவது. ஒரு தடவை கடிதம் எழுதினால் முதலாவது; தினமும் கேட்டால் அது சமாளிப்பு வேடம் போட்ட பயம்.

மூச்சுப் பயிற்சி, யோகா, மாத்திரை பற்றிச் சுருக்கமாக. வெளிமூச்சை நீட்டி விடுவது நிஜமாகவே படபடப்பைத் தணிக்கும். தூக்கத்துக்கு நான் இன்றும் செய்கிறேன். ஆனால் லிஃப்ட்டுக்குள் அதையும் டார்ச் ஆக்கிவிடலாம், ஜாக்கிரதை. உடனே மயக்கம் போல் அமைதி தரும் மாத்திரைகளில் பழக்கமாகும் ஆபத்து உண்டு. லிஃப்ட்டுக்கு முன் போட்டுக்கொண்டு ஏறினால் மூளை கற்பது மாத்திரையை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் சாப்பிடும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை வேறு; அது வேலை காட்டச் சில வாரம் ஆகும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. என்னுடையதுபோல் ஒற்றைப் பொருள் பயத்துக்கு அது முதல் தேர்வு அல்ல. அத்தையின் கயிறு? கட்டிக்கொண்டேன். அவருக்கு நிம்மதி. அதைப் பார்த்த சைக்காலஜிஸ்ட் கழற்றச் சொல்லவில்லை, ஏணியில் ஒரு படியாகவும் சேர்க்கவில்லை.

தோழி கேட்டது

இப்போது இதை எழுத வைத்தவள், முன்னே தோண்டச் சொன்ன அதே தோழி. "எனக்கும் உன் ஏணியைப் போட்டுக் கொடேன்" என்றாள். அவளுக்குப் பயம் ஒரு பெட்டியில் இல்லை. மகன் டியூஷனிலிருந்து பத்து நிமிடம் லேட்டானால் தாம்பரத்தில் ஏதோ ஆகிவிட்டது. வீட்டுக்கடன், அம்மாவின் பி.பி., ஆபீஸில் யாரோ முகத்தைத் திருப்பியது, எல்லாம் சுற்றிச் சுற்றி ராத்திரி மூன்று மணிவரை. ஆறு மாதத்துக்கு மேலாக.

அவளுக்கு என் ஏணி நேராகப் பொருந்தாது; ஏறி நிற்க ஒரு இடம் இல்லையே. எண்ணங்களோடும் பழக்கங்களோடும் வேலை செய்கிற சி.பி.டி. (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி) தான் அவளுக்கு முதலில், மகனுக்குப் பத்துத் தடவை போன் போடுவதைக் குறைப்பது அதற்குள்ளேயே ஏணியாக வரும். தூக்கம் இந்த அளவு போயிருப்பதால் முதல் சந்திப்பு சைக்கியாட்ரிஸ்ட்டிடம் இருக்கட்டும் என்றேன். மருந்து தேவையா என்பதை அவர்தான் சொல்ல முடியும். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், ரத்தப் பரிசோதனை ஒன்று எடுக்கச் சொன்னேன். அவள் ஐந்து பண்புக் கணக்கில் என்னைவிட ரேங்க் அதிகம் வாங்குவாள், அதைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

எங்கே போவது என்பதில் சென்னையில் தட்டுப்பாடு இல்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-லிருந்து இருக்கிறது. பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறோம், ஆனால் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் அங்கே வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்ளலாம். 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போய்விட்டவர்கள் ஒப்பீடு எதுவும் செய்துகொண்டிருக்க வேண்டாம், அந்த எண்தான். தனியாரிடம் போகிறவர்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு இருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அதுவே பதில். முதல் அமர்வில் நான் கேட்டு வைத்த கேள்வி இன்னொன்று: "அடுத்த வாரத்துக்குள் நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" நாலு அமர்வு போன இடத்தில் இதற்குப் பதில் வந்ததில்லை. ஏழு அமர்வு போன இடத்தில் கேட்கும் முன்னாலேயே காகிதத்தை நீட்டினார்.

தோழிக்கு வியாழக்கிழமை நாலரை மணிக்கு அப்பாயின்ட்மென்ட். கூட வரச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது மாடியாம். லிஃப்ட் ரொம்பச் சின்னது, மூன்று பேர்தான் நிற்கலாம், உனக்குப் பரவாயில்லையா என்று நேற்றிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டாள்.